ஏழாவது சந்து

இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு. பன்னிரண்டு வருஷமாக மாறாத எண். ஒவ்வொரு அக்டோபரிலும் நாற்றுப் பண்ணைக்குக் கரீத்தா எழுதி அனுப்புவது அதைத்தான். இருபது வரிசை, வரிசைக்கு நூற்று நாற்பது தக்காளிச் செடி. அதற்கு மேல் ஒரு பதினாறு, மகள் யானிகாவுக்காக.

இந்த அக்டோபரில் அவள் அந்த எண்ணை மாற்றி எழுதினாள். யானிகாவை மண்ணில் வைத்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து முதலில் பதினாறை அடித்தாள். பிறகு ஒரு வரிசைக்கான நூற்று நாற்பதைக் கூட்டினாள். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். எழுதியதைப் புருஷனிடம் சொல்லவில்லை.

அதுதான் அவள் செய்த தப்பு. ஆனால் இந்தப் பக்கத்தில் அதைத் தப்பென்று யாரும் சொல்ல மாட்டார்கள். வடகோடிப் பனிநாட்டு நேர்பெஸ் கடலோரத்து மனிதர்களுக்கு வாய் இருப்பது காப்பி குடிக்க. மனதில் இருப்பதை வெளியே எடுத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் ஏதோ உடம்புக்கு முடியவில்லை போல என்று நினைத்துக்கொள்கிற ஜனங்கள். கரீத்தாவும் புருஷன் ரூனரும் முப்பத்திரண்டு வருஷமாக ஒரே பசுமைக்குடிலில் தக்காளி போடுகிறார்கள். அந்த முப்பத்திரண்டு வருஷத்தில் அவர்கள் பேசிய பேச்சில் முக்கால்வாசி தக்காளியைப் பற்றித்தான்.

குடில் பழையது. எழுபது மீட்டர் நீளம், மேலே கண்ணாடி, கீழே வெள்ளை விரிப்பு. ஒரு பக்கம் சிமெண்டுப் பாதை. அந்தப் பாதையிலிருந்து சீப்புப் பற்கள் மாதிரி வரிசைகள் எதிர்ச்சுவர் வரை போகும். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே ஆள் நடக்க, அறுவடை வண்டி ஓட, எண்பது சென்டிமீட்டரில் ஒரு சந்து. எல்லாச் சந்தும் சுவரில் முட்டி நிற்கும். போனவர்கள் அதே வழியில்தான் திரும்ப வேண்டும்.

ஏழாவது சந்து மட்டும் நூற்றறுபது.

யானிகாவுக்குத் தசை வலுவிழக்கிற நோய். ஒன்பது வயதில் சக்கர நாற்காலிக்கு வந்தாள். பதினோரு வயதில், எல்லோரும் குடிலில் இருக்கும்போது தான் மட்டும் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருக்க முடியாது என்று ஒரே பிடிவாதம். ரூனர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த டிசம்பரில் தரை வெறுமையாக இருந்தபோது ஒரு வரிசையையே எடுத்துப் போட்டு ஏழாவது சந்தை அகலமாக்கினார். நாற்காலி உள்ளே போய், சுவரோரம் ஒரு வட்டமடித்துத் திரும்பி வர நூற்றறுபது வேண்டியிருந்தது. இருபத்தொரு வரிசை இருபதானது இப்படித்தான்.

அந்தச் சந்தின் இரண்டு பக்கமும் நடுவது யானிகாவின் வேலை. மற்றவர்கள் அரை மீட்டர்க் கோலை வைத்து அளந்து, கோலுக்கு ஒரு செடி என்று வைப்பார்கள். அவளால் செடியையும் கோலையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. இரண்டு வருஷம் கோலைக் கீழே போட்டுப் போட்டு அழுதாள். மூன்றாம் வருஷம் நாற்காலியின் பெரிய சக்கரத்தில் நாலு இடத்தில் சிவப்பு நாடா ஒட்டச் சொன்னாள். சக்கரம் உருளும். நாடா உச்சிக்கு வரும்போதெல்லாம் ஒரு செடி. கால் சுற்றுக்கு நாற்பத்தேழு சென்டிமீட்டர். கோலைவிடக் கொஞ்சம் நெருக்கம். அதனால் அவள் வரிசைகளுக்கு மட்டும் எட்டு எட்டுச் செடி கூடுதலாகத் தேவைப்படும். பதினாறு வந்த கதை அதுதான்.

"நாமெல்லாம் கோலெடுத்து அளக்கறோம். நம்ம மகாராணி மட்டும் தேர் ஓட்டி அளக்கறாங்க" என்பாள் செனாடா.

செனாடா போஸ்னியாவிலிருந்து வந்தவள். வந்த வருஷமே இந்தக் குடிலில் வேலைக்குச் சேர்ந்து, இன்றைக்கு நடவும் அறுவடையும் அவள் சொல்கிறபடிதான் நடக்கின்றன. யானிகா பதிலுக்கு, "தேர் வருது, தள்ளு கெழவி" என்று சக்கரத்தை அவள் காலை நோக்கி உருட்டுவாள்.

இந்த அக்டோபர் முதல் வாரம் யானிகா நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஐந்தாம் நாள் இறந்துபோனாள். இருபத்தாறு வயது.

அதற்குப் பிறகு ரூனர் ஏழாவது சந்துக்குள் கால் வைக்கவில்லை. ஆறாவதிலிருந்து எட்டாவதுக்குப் போகும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பார். ஒருநாள் கரீத்தா பார்த்தாள். அவர் சந்தின் வாயில் நின்று, உள்ளே போக ஒரு காலை எடுத்தார். எடுத்த காலை அப்படியே பின்னால் வைத்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம்தான் அவள் மேஜையில் உட்கார்ந்து அந்த எண்ணை மாற்றியது. டிசம்பரில் பழைய செடியைப் பிடுங்கித் தரை வெறுமையானதும் அவர் தானாகவே சந்தை மூடிவிடுவார், நட்ட நடுவில் பழையபடி ஒரு வரிசை வைப்பார், செடியும் தயாராக வந்து நிற்கும், யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்காது. இப்படிக் கணக்குப் போட்டாள்.

கரீத்தாவுக்கு அந்தச் சந்து வேண்டும். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்த பிறகு தினமும் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு அங்கே பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பாள். செடிகளின் கீழ்த்தண்டில் யானிகா இலை கிள்ளிய வடுக்கள் நாற்காலி உயரத்தில், ஒரே மட்டத்தில், வரிசையாக இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனாலும் புருஷன் மூச்சு முட்டி நிற்பதைப் பார்த்த பிறகு தன் பத்து நிமிஷம் பெரிதாகத் தோன்றவில்லை.

டிசம்பர் வந்தது. பழைய செடிகளைப் பிடுங்கினார்கள், வடுக்களும் அவற்றோடு போயின. கண்ணாடியைக் கழுவினார்கள். ரூனர் புது விரிப்பை வெட்டி வெட்டிப் போட்டுக்கொண்டே வந்தார். ஆறாவது சந்துக்கு எண்பது. ஏழாவதற்கு வந்ததும் அளவு நாடாவை இழுத்து அளந்து நூற்றறுபதுக்கு வெட்டினார்.

கரீத்தா கையிலிருந்த குழாயில் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். சந்து இருக்கப்போகிறது! அடுத்த நொடியே தான் எழுதி அனுப்பிய எண் நினைவுக்கு வந்தது. நூற்று நாற்பது செடி வரப்போகிறது. வந்து இறங்கும்போது அவருக்குத் தெரிந்துவிடும். மகளைப் புதைத்த ஈரம் காயும் முன்னே அவள் இடத்தை எடுத்துவிடச் சொல்லிப் பெற்றவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று தெரிந்துவிடும்.

இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வாரம் ஓடியது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றப் போனபோது வாயைத் திறந்தாள்.

"ரூனர், அந்த நாத்து விஷயம்..."

"என்ன?"

"எட்டாந்தேதிதானே வருது?"

"எட்டாந்தேதிதான்."

அவ்வளவுதான் பேச்சு. பனியைத் தட்டிவிட்டு இரண்டு பேரும் காருக்குத் திரும்பினார்கள்.

ஜனவரி எட்டாம் தேதி வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நாலு டிகிரி. விடியப் பத்து மணியாகும். லாரி குடிலின் வாயிலுக்குள் பின்பக்கமாக நுழைந்து கதவோடு ஒட்டி நின்றது. இந்தக் குளிரில் நாற்று ஒரு நிமிஷம் வெளிக்காற்றைக் குடித்தால் போதும், சாயங்காலம் இலை கறுத்துவிடும். அதனால் லாரிக்காரன் சிக்ஸ்டன் பெட்டிகளைத் தள்ளத் தள்ள, எல்லோரும் வாங்கி வாங்கி உள்ளே ஓட்டினார்கள். முழங்கால் உயரச் செடிகள், ஒவ்வொன்றும் ஒரு பஞ்சுக் கட்டியில் வேர்விட்டு, குச்சியில் சாய்ந்து நின்றன. முதல் கொத்து மொட்டு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது.

எல்லாம் இறங்கிக் கதவை மூடியதும் செனாடா பெட்டிகளைச் சுற்றி வந்தாள். இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னய்யா சிக்ஸ்டன், பக்கத்து வீட்டுக்காரன் செடியையும் சேர்த்து இங்கயே எறக்கிட்டியா? மண்டைல பனி ஏறிடுச்சா?"

"சீட்டப் பாரு தாயி. ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பது. எண்ணித்தான் ஏத்தினேன்."

ரூனர் கையை நீட்டிச் சீட்டை வாங்கினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். "எங்களுக்கு ரெண்டாயிரத்து எண்ணூத்துப் பதினாறுதான். பண்ணைல தப்பு பண்ணிட்டாங்க."

"தப்பு எதும் இல்லையே. உங்க வீட்டம்மா கையெழுத்து இருக்கு பாருங்க. அக்டோபர் தேதி போட்டு."

ரூனர் சீட்டைப் பார்த்தபடியே நின்றார். கணக்கில் அவர் புலி. இருபத்தொன்றை நூற்று நாற்பதால் பெருக்கிப் பார்க்க அவருக்கு நேரம் ஆகாது. தலையை நிமிர்த்திக் கரீத்தாவைப் பார்த்தார். கூடுதலாக வந்த வரிசையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"பதினாறு எங்க?" என்றார்.

கரீத்தா சீட்டைப் பார்த்தாள். "அடிச்சுட்டேன்."

அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மேல்கோட்டைக்கூட எடுக்காமல் பக்கக் கதவைத் திறந்துகொண்டு அந்தக் குளிருக்குள் போய்விட்டார். சிக்ஸ்டன் தன் காலணியைப் பார்த்தான். காப்பி வேண்டாம், இன்னும் இரண்டு இடம் பாக்கி என்று சொல்லி லாரியைக் கிளப்பிவிட்டான்.

செனாடா மட்டும் நகரவில்லை. "கரீத்தா, என்ன பண்ணி வச்சிருக்கே?"

"மூடிருவாருன்னு நெனச்சேன்."

"கேட்டியா?"

"இல்ல."

"ஒரே வீட்டுல இருக்கீங்க, ஒரே சட்டில சூப் குடிக்கறீங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிரும்? எங்க ஊருல இதுக்குள்ள நாலு தட்டு ஒடஞ்சிருக்கும், விஷயமும் முடிஞ்சிருக்கும். போ. அந்த மனுஷன் கோட்டு இல்லாம போயிருக்கான். எடுத்துட்டுப் போ. நான் ஆளுங்கள வச்சு மத்த வரிசையப் பாத்துக்கறேன்."

கரீத்தா கோட்டை எடுத்துக்கொண்டு போனாள். பனியில் அவர் காலடித் தடம் கொதிகலன் அறைக்குப் போயிற்று. மரச்சில்லு எரிகிற அந்த அறை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். கதவைத் திறந்தாள். ரூனர் சில்லுக் குவியலின் பக்கத்தில் ஒரு மணையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரில் யானிகாவின் நாற்காலி நின்றது.

அதை ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதையும் அவள் கேட்டதில்லை. சக்கரத்தின் அச்சில் புது மசகு மினுங்கியது. நாலு சிவப்பு நாடாவும் புதிது.

"கோட்ட போட்டுக்கோ" என்றாள்.

அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "எப்ப எழுதினே?"

"அடக்கம் முடிஞ்சு எட்டாம் நாளு."

"எட்டாம் நாளு" என்று அவரும் சொன்னார். கொதிகலனுக்குள் சில்லு சரிகிற சத்தம் கேட்டது.

கரீத்தா கதவில் சாய்ந்து நின்றாள். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டினாள். "உன்னால அந்தச் சந்துக்குள்ள கால் வைக்க முடியல. நான் பாத்தேன், ரூனர். கால எடுத்து வச்சுட்டு அப்படியே திரும்பிப் போனியே, அத நான் பாத்தேன். இந்த ஆளு தெனம் இப்படிச் செத்துச் செத்துப் பொழைக்கணுமா, மூடிட்டா நிம்மதியா இருப்பானேன்னு தோணுச்சு. நீயாக் கேக்க மாட்டே. நானும் சொல்ல மாட்டேன். செடி வந்து நின்னுட்டா வேலை தானா நடந்துரும்னு எழுதிட்டேன். உனக்காகத்தான் எழுதினேன். அவள வேண்டாம்னு எழுதல."

"எனக்காகவா?"

"பின்ன யாருக்காக?"

ரூனர் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. "நான் உனக்காக விட்டு வச்சேன், கரீத்தா."

"என்னது?"

"தெனம் சாயங்காலம் கூடையக் கவுத்துப் போட்டு உக்காந்திருப்பே. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? வெளக்க அணைக்க வருவேன். நீ உக்காந்திருக்கறதப் பாத்துட்டு, சத்தம் போடாம அந்தப் பக்கமாப் போயி, நீ எந்திரிச்சுப் போற வரைக்கும் இங்க வந்து உக்காந்திருப்பேன். எனக்கு அந்த எடத்தப் பாத்தா மூச்சே நின்னு போகுது. மூடிரலாமான்னு நெனைக்காத நாள் இல்ல. ஆனா உன்கிட்ட மிச்சமிருக்கறதே அந்தப் பத்து நிமிஷந்தான். அதப் புடுங்கறதுக்கு நான் யாரு? அதான் நூத்தறுபதுக்கு வெட்டினேன்."

மூன்று மாதம். அவளுக்காக அவரும், அவருக்காக அவளும், ஆளுக்கொரு திசையில் இழுத்துக்கொண்டு, ராத்திரி ஒரே போர்வைக்குள் முதுகைக் காட்டிப் படுத்திருந்திருக்கிறார்கள். இந்த ஜனங்களை என்ன சொல்லி நோக! கரீத்தாவுக்கு அழுகை வந்தது. அடக்கத்தன்றுகூட அவள் இப்படி அழவில்லை. ரூனருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து வந்து மடியிலிருந்த கோட்டை அவளுக்குப் போர்த்தினார்.

"அவசரப்பட்டுட்டேன்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மொதப் பூ வர்றதுக்கு முன்னாடியே துளைக்குள்ள வச்சுட்டேன்."

அது தக்காளிக்காரர்கள் பேச்சு. செடி வேர்விடும் பஞ்சுப் படுக்கையில் துளை போட்டாலும் செடியை உடனே அதன்மேல் வைக்க மாட்டார்கள். முதல் பூ விரியும்வரை துளைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைப்பார்கள். முன்னதாக வைத்துவிட்டால் வேர் ஓடிப்போய் இலையும் தண்டுமாகக் கொழுத்துவிடும், காய் பிடிக்காது.

"நான் மட்டும் என்ன, பூத்து ஒதிர்ந்த பெறகும் பக்கத்துலயே நிறுத்தி வச்சிருந்தேன்" என்றார் ரூனர். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். "இப்ப அந்தச் செடிய என்ன பண்றது? குளிர்ல திருப்பி அனுப்ப முடியாது. பெட்டிலயே வச்சிருந்தா நாலு நாள்ல நெருக்கி நெளிஞ்சு வீணாப்போகும்."

"மூடிரலாம்."

"உனக்கு?"

 ஒன்றுமில்லை, பரவாயில்லை என்று சொல்லிப் பழகிய வாய் கரீத்தாவுடையது. அந்தப் பழக்கத்தை அன்றைக்கு அவள் கஷ்டப்பட்டு விழுங்கினாள். "எனக்கு வலிக்கும். ரொம்ப வலிக்கும். ஆனா நீ அதுக்குள்ள நடமாட முடியாம இன்னொரு வருஷம் ஓடறத என்னால பாக்க முடியாது. மூடிரலாம், ரூனர். ஒண்ணே ஒண்ணு. கோலால வேண்டாம்."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். சரி என்று தலையாட்டினார்.

அன்றைக்கு முழுவதும் செனாடாவும் ஆட்களும் மற்ற இருபது வரிசையையும் நட்டு முடித்தார்கள். ஏழாவதின் இரண்டு பக்கமும் இந்த முறை கோல்தான் அளந்தது. ரூனர் ஏழாவது சந்துக்கு மேலே கம்பி இழுத்து, நூல் கட்டி, சொட்டுக்குழாய் ஓட்டினார். அதற்காக உள்ளே போய்த்தான் ஆகவேண்டும். முதல் தடவை நுழையும்போது கரீத்தா அவருக்கு முன்னால் நடந்தாள். அவர் அவள் முதுகையே பார்த்தபடி பின்னால் வந்தார். சுவர் வரை போய்த் திரும்பினார்கள். பிறகு அவர் தனியாகப் போனார். நட்டநடுவில் பஞ்சுப் படுக்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக, சுவரிலிருந்து சிமெண்டுப் பாதை வரை, எழுபது மீட்டருக்கு நீட்டினார்.

மறுநாள் காலை காப்பி குடித்ததும் நாற்காலியை உள்ளே கொண்டுபோனார்கள். ரூனர் கால்மிதியைக் கழற்றியிருந்தார். சக்கரங்கள் படுக்கைக்கு இரண்டு பக்கமுமாக ஓடின. சுவருக்குப் போய், முதுகு சிமெண்டுப் பாதையைப் பார்க்க, நிறுத்தினார்கள். சுவரிலிருந்துதான் தொடங்க முடியும். நாற்காலியைப் பின்னால் இழுத்து இழுத்து, அது விட்டுப்போகிற இடத்தில் செடி வைத்துக்கொண்டு வரவேண்டும். வைத்த இடத்தில் மறுபடி சக்கரம் போக வழி கிடையாது.

ரூனர் கைப்பிடியைப் பிடித்தார். செனாடா படுக்கை உறையில் துளை வெட்டும் கத்தியோடு குனிந்தாள். கரீத்தா செடிப்பெட்டி வண்டியோடு நின்றாள்.

நாடா உச்சிக்கு வந்தது. துளை. செடி. செடியைத் துளைக்குப் பக்கத்தில் வைத்து, சொட்டுமுனையைக் கட்டியில் குத்தினாள். கால் சுற்று. நாடா. துளை. செடி.

முதல் இருபது செடி இப்படியே போயிற்று. நாற்காலி காலியாக இருந்ததால் லேசாக வந்தது. அந்த லேசுதான் கரீத்தாவால் தாங்க முடியாததாக இருந்தது. ஒவ்வொரு வருஷமும் இதே சந்தில், இதே சத்தத்தில், "அம்மா, சீக்கிரம் குடு, தேரு நிக்குது பாரு" என்று ஒரு குரல் அதட்டிக்கொண்டே இருக்கும். அவள் செடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

செனாடா குனிந்தபடியே, "தேரு நிக்குது பாரு" என்றாள்.

கரீத்தா திடுக்கிட்டாள். ரூனரும் திரும்பினார். பிறகு மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரோடு. செனாடா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்ன பாக்கறீங்க, யாராச்சும் சொல்லணும்ல" என்றாள்.

அதற்குப் பிறகு பேசிக்கொண்டே வந்தார்கள். நாற்பதாவது செடியருகே, யானிகா பதினாலு வயதில் இங்கே யாருக்கும் தெரியாமல் பச்சைமிளகாய்ச் செடி வளர்த்ததை ரூனர் சொன்னார். கரீத்தாவுக்கு அது இதுவரை தெரியாது. எழுபதாவதில், கடைசி வருஷம் அவள் கை வலிக்கிறது என்று சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நட்டதைக் கரீத்தா சொன்னாள். அது ரூனருக்குத் தெரியாது. அவர் நின்று, கைப்பிடியை விட்டுவிட்டு, சிறிது நேரம் கண்ணாடிக்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி இழுத்தார். அவர்களுக்கு எதிரே சந்து செடிசெடியாக மூடிக்கொண்டே வந்தது. சுவர் தெரியாமல் போயிற்று.

மதியத்துக்கு மேல் கரீத்தா பெட்டிக்குள் கைவிட்டபோது ஒரே ஒரு செடி இருந்தது. அதை வைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலிக்குப் பின்னால் சிமெண்டுப் பாதை வரை இன்னும் கிட்டத்தட்ட நாலு மீட்டர் படுக்கை வெறுமையாகக் கிடந்தது.

"செடி தீந்துபோச்சு" என்றாள்.

செனாடா துளையெண்ணிக்கையை வாய்க்குள் முணுமுணுத்தாள். "சரிதான். கோல் கணக்குல எழுதினே, சக்கரக் கணக்குல நட்டோம். எட்டுக் கொறையுது. இருங்க, மத்த வரிசைலருந்து ஒண்ணொண்ணா உருவிட்டு வர்றேன்."

"வேண்டாம்" என்றார் ரூனர்.

கரீத்தா அவரைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"நீ சக்கரத்தால நடலாம்னு சொன்னப்பவே கணக்குப் போட்டுட்டேன்." அவர் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றார். "மூணே முக்கால் மீட்டர் வரும். ஒரு நாற்காலி திரும்பறதுக்குத் தாராளமாப் போதும். சொல்லிருக்கணும்."

"ஆமா, சொல்லிருக்கணும்."

"இப்ப சொல்லிட்டேன்ல."

அவர் குனிந்து, செடியில்லாத படுக்கைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சிமெண்டுப் பாதையோரம் சாய்த்து வைத்தார். சொட்டுக்குழாயைக் கடைசிச் செடியோடு மடித்துக் கட்டினார். வெள்ளை விரிப்பு பளிச்சென்று தெரிந்தது. நாற்காலியை அந்த இடத்தில் நிறுத்தி, மெதுவாக ஒரு முழு வட்டம் திருப்பினார். எங்கும் இடிக்கவில்லை. செடிகளைப் பார்த்தபடி அதை நிறுத்தி, சக்கரத்தின் பூட்டைப் போட்டார்.

கரீத்தா ஒரு கூடையை எடுத்து நாற்காலியின் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.  விளக்கு வெளிச்சத்தில் நூற்று நாற்பது செடியும் ஒன்றின் பின் ஒன்றாக, நாற்பத்தேழு சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி நின்றன.

ரூனர் சந்தின் வாயில் நின்றார். போய்விடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் போகவில்லை.

"இன்னொரு கூடை இருக்கா?" என்று கேட்டார்.

கரீத்தா எழுந்து போய் இன்னொரு கூடையை எடுத்து வந்தாள்.